ஒரே வீட்டில் இரண்டு சுடலைமுத்து

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுவிட்டது. 'டூப்ளிகேட் என்ட்ரி' என்று சிவப்பில் ஒரு வரி. இந்த வேலையில் இது அடிக்கடி வருவதுதான். ஆனாலும் அதைப் பார்த்தால் உன் முகம் வந்துவிடுகிறது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்துக்கு நம் இருவருக்கும் சேர்த்து ஒரே கணினி. மும்பையில் நான் மாட்டுங்கா, நீ தாராவி. நடந்தே வந்துவிடலாம், ஆனால் அதுவரை நான் உங்கள் சந்துக்குள் கால் வைத்ததில்லை. தாராவியில் ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களின் பட்டியலை பிராஜெக்டாகச் செய்யலாம் என்றது நீதான். வீடு வீடாகப் போய் ஃபாரம் நிரப்பினாய். வடா பாவ் எண்ணெய் பட்ட தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் போடுவாய், நான் மூக்கைச் சுளிப்பேன். அவற்றை ஏற்றக் கணினியில் டேபிள் வடிவமைப்பது என் வேலை. புத்தகத்தை மனப்பாடம் செய்த திமிர் எனக்கு நிறைய இருந்தது.

ஒவ்வொரு ஆளையும் தனியாக அடையாளம் காட்ட ஒரு 'கீ' வேண்டும். "ஏட்டி, ஆளுக்கு ஒரு நம்பர் போட்ருவோம். பின்னால சள்ளை இருக்காது" என்றாய்.

"பேரும் ரூம் நம்பரும் இருக்கறச்சே இன்னொரு நம்பர் எதுக்குடி? ஒரே ஆத்துல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்பாளா?" என்றேன்.

நீ சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாய். எப்போதும் அப்படித்தான். எனக்கு அது வசதியாக இருந்தது.

நீ வராத ஒரு நாளில் நான் ஃபாரங்களை ஏற்றினேன். 'சுடலைமுத்து' என்ற பெயரைக் கணினி இரண்டாம் தடவை வாங்க மறுத்தது. அதே பெயர், அதே ரூம். நீதான் கவனமில்லாமல் இரண்டு முறை எழுதியிருக்கிறாய் என்று நினைத்து, அந்தத் தாளில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். ரத்த வகை வேறாக இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஆண்டாப் ஹில்லில் பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும் என்று உனக்குப் போன் வந்தது. அந்த வகை ஆட்களைப் பட்டியலில் தேடப் பெருமையாக எஸ்கியூஎல் வரியை எழுதினேன். ஒரு பெயரும் வரவில்லை.

"எங்க சித்தப்பா மவன் இருக்காம்லா, அவன் ஓ நெகட்டிவ்தானே" என்று சொல்லிவிட்டு நீ ஓடினாய். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் நீ அவனுடைய தாளைத் தேடி எடுத்தாய். சிவப்புக் கோட்டை ஒரு நிமிடம் பார்த்தாய். உங்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள் என்றும், பெரியப்பாவின் மூத்தவனும் சித்தப்பாவின் மூத்தவனும் ஒரே ரூமில் இருக்கிறார்கள் என்றும் அப்போதுதான் சொன்னாய். பிறகு, "சலோ, நம்பர் போடுவோம்" என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற உட்கார்ந்துவிட்டாய். தேர்வாளர் எதற்கு இந்த எண் என்று கேட்டபோது, "மொதல்ல நாங்க ஒரு தப்புப் பண்ணிட்டோம் சார்" என்றாய். நாங்கள் என்றாய். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டேன்.

உன்னை எடுத்துப் போன அன்று நான் இப்போது குடியிருக்கும் டோம்பிவிலியிலிருந்து வந்து உங்கள் சந்தில் நின்றிருந்தேன். இளைய சுடலைமுத்து டீ கொண்டுவந்து கொடுத்தான். "அன்னைக்கு மெஷின் என்னியத் தள்ளிட்டுன்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா" என்றான்.

இத்தனை வருடமும் வீட்டில்கூட நீ என் பெயரைச் சொல்லவில்லை. டீயைக் கீழே வைத்தேன்.

"மெஷின் இல்லப்பா. நான்தான் உன் பேரை அடிச்சேன். அவ ஃபாரத்தைக் கவனமா எழுதலன்னு நெனச்சுண்டேன்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு உன்னைக் கிடத்தியிருந்த பக்கம் பார்த்தான்.

அவனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன, பக்கத்து நாற்காலியில்தான் நீ இருந்தாய்.