அகராதிப் பெட்டிக்கு முந்நூறு பேர்

அக்டோபர் 9, வியாழன்

உயிரியல் தேர்வில் ஓர் எலும்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அக்காவின் திரையைப் பார்த்தேன். 198!

பின்னாளில் இதைப் படிக்கப்போகும் எனக்காக விவரமாக எழுதிவைக்கிறேன். அக்கா மூன்று வருடமாக இரும்பு அலமாரி செய்யும் நிறுவனத்தில் வரைபடம் போடுகிறாள். இழுப்பறை, கைப்பிடி, மறுபடியும் இழுப்பறை. இப்போது இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு தன் சொந்த வரைபடத்தில் கம்ப்யூட்டரின் பாகங்களை உள்ளே மாட்டிக்கொள்ளும் ஒரு பெட்டி செய்திருக்கிறாள். அகலம் பதினேழு சென்டிமீட்டர்தான். புத்தக அலமாரியில் மற்ற புத்தகங்களுக்கு நடுவே தடித்த அகராதி மாதிரி நிற்கும். அதனால் அதன் பெயரே 'அகராதி'.

"அகராதி பிடிச்சவ செஞ்ச பெட்டிக்கு வேற என்ன பேரு வரும்?" என்றாள் அம்மா.

பெட்டியின் படத்தை ஓர் இணையதளத்தில் போட்டிருக்கிறாள். வேண்டும் என்கிறவர்கள் முன்பணம் கட்டிப் பதிவு செய்யலாம். நவம்பர் 1 மதியம் பன்னிரண்டுக்குள் முந்நூறு பேர் சேர்ந்தால் பட்டறையில் கொடுத்துச் செய்யலாம். 299 ஆனாலும் போயிற்று, எல்லாருடைய பணமும் திரும்பிப் போய்விடும். 3ஆம் தேதி திங்கட்கிழமை அக்கா பழைய மேசையில் போய் உட்கார வேண்டும்.

"ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான்" என்றார் அப்பா. அவர் பேருந்து ஓட்டுகிறவர், எதையும் ரோட்டில் வைத்துத்தான் யோசிப்பார். "ஆனா பாதியில விட்டாங்கன்னா தேரு நடுரோட்டுல நிக்கும்."

என் வேலை, வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. பத்தில் எட்டுப் பேர் ஒரே கேள்விதான்: என்னிடம் இந்தக் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, உள்ளே போகுமா? திரையில் படம் வரவைக்கும் அந்தப் பலகைதான் பெட்டிக்குள் போகும் பொருள்களிலேயே பெரியது. நானே 64 கார்டுகளின் அளவுகளைப் படித்துப் பட்டியல் போட்டிருக்கிறேன். பொருந்தும், பொருந்தாது என்று இரண்டே கட்டம். அக்கா தலையில் தட்டிக்கொடுத்து, "உன் பட்டியல்தாண்டி இந்தக் கடையோட முதுகெலும்பு" என்றாள்.

(நான் மறந்த எலும்பு அதுவல்ல. பெருவிரல் எலும்பு.)

அக்டோபர் 12, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் பொழுது போகாமல், ஒரு பெரிய கார்டின் பொருத்தும் கையேட்டைத் திரையில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கையேடுகள் பிடிக்கும். யாரையும் ஏமாற்றாத மொழி. 23ஆம் பக்கத்தில் ஒரு படம். கார்டின் மேல் விளிம்பில் மின்வயர் சொருகியிருக்கிறது. அது மேலே எழும்பி, வளைந்து, பிறகுதான் கீழே இறங்குகிறது. அடியில் குறிப்பு: வயருக்காக மூன்றரை சென்டிமீட்டர் இடம் விடவும், வயரை மடக்கவோ அழுத்தவோ கூடாது.

மூன்றரை.

என் பட்டியலில் கார்டின் உயரம் மட்டும்தான் இருக்கிறது. வயர் இல்லை. நம் பெட்டியில் கார்டின் மேல் விளிம்பு பக்க மூடியைப் பார்த்து இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. வயரைச் சொருகினால் மூடி மூடாது!

எல்லாக் கார்டுகளுக்கும் முதல் பக்கத்து அளவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். கதைப் புத்தகமென்றால் பதிப்பகத்தின் விலாசம்வரை படிக்கிற நான்.

'நிச்சயம் பொருந்தும்' என்று பதில் எழுதியிருக்கிறேன். எத்தனை பேருக்கு? எண்ணினேன். நாற்பத்தொரு பேர். அதிலும் 'நிச்சயம்' வேறு — யார் கேட்டார்கள் அந்தச் சொல்லை?

அக்கா இப்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கிறாள். 226.

அக்டோபர் 13, திங்கள்

சொல்லவில்லை. 241. ஒவ்வொருவர் சேரும்போதும் அக்கா கையைத் தட்டுகிறாள். எனக்குக் கன்னத்தில் விழுகிற மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இரண்டு நாள் காத்திருந்தேன். கடைசியில் வாய் நிறைய நுரையோடு நிற்கிறவளிடம் போய்ச் சொன்னேன். வயர், மூன்றரை, 41 பேர். மூச்சு விடாமல்.

அவள் துப்பினாள். குழாயை மூடினாள்.

"எப்ப தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை."

"ரெண்டு நாளா வயித்துல வச்சுக்கிட்டா சுத்துன? அதான் நேத்து சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தியா?"

அழுதுவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய் மாதிரிப் பெட்டியைத் திறந்து தன் கார்டைப் பார்த்தாள். அது பழைய, சின்னக் கார்டு. அதற்குத் தனி மின்வயரே கிடையாது. பட்டறையில் செய்த மாதிரியை அவள் இருபது தடவை திறந்து மூடிப் பார்த்திருக்கிறாள், இருபது தடவையும் அதே கார்டை வைத்து.

"நீ படிக்காம விட்ட. நான் மாட்டிப் பாக்காம விட்டேன். சரிக்குச் சரி, மூக்கைத் துடை" என்றாள்.

மேல்மாடிக்காரரிடம் பெரிய கார்டு இருக்கிறது. வங்கியில் வேலை, வீட்டில் முழுநேரமும் கம்ப்யூட்டர் விளையாட்டு. குழந்தையைத் தருகிறவர்போல இரண்டு கையாலும் தந்தார். மாட்டினோம். வயரைச் சொருகினோம். மூடி, பல்வலிக்காரன் வாய் மாதிரி மூன்று விரல் திறந்தே நின்றது.

எனக்கு இன்றைக்கு நன்றாகப் பசித்தது. மூன்று தோசை சாப்பிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் வீட்டில் சபை கூடியது.

அக்கா: "முந்நூறு தாண்டினப்புறம் சொல்லலாமா? அதுக்குள்ள ஏதாச்சும் வழி கண்டுபிடிச்சிடுவேன்."

அம்மா: "மூடாத பெட்டிய வாங்கி வச்சுட்டு அவங்க என்ன பண்ணுவாங்க, துணி போட்டு மூடுவாங்களா? இப்பவே சொல்லிடு. போறவன் போகட்டும்."

அப்பா: "பிரேக் சரியில்லன்னா ஏறுறதுக்கு முன்னாடிதான் சொல்லணும்."

அக்கா பதினோரு மணிக்கு எழுதிப் போட்டாள். திறந்த வாயோடு நிற்கிற பெட்டியின் படத்தையும் சேர்த்து. யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று தடித்த எழுத்தில். 41 பேருக்கும் தனித்தனியாக நான் எழுத வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். 'நான் தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று நாற்பத்தொரு தடவை எழுதினால் அது பழகிப்போகும் என்று நினைத்தேன். முப்பதாவதிலும் பழகவில்லை.

அக்காவின் தங்கை, பள்ளி மாணவி என்றும் சேர்த்திருந்தேன். ஒருவர் பதில் போட்டார்: பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்துக் கடை நடத்துகிறீர்களா?

அக்கா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பதில் அடித்தாள். 'ஆமாம். இங்கே 23ஆம் பக்கம்வரை படிக்கிற ஒரே ஆள் அவள்தான்.'

அக்டோபர் 16, வியாழன்

188. ஐம்பத்து மூன்று பேர் போய்விட்டார்கள்.

அக்டோபர் 18, சனி

அக்காவோடு பட்டறைக்குப் போனேன். வாசலிலேயே இரும்புத்தூள் செருப்பில் ஒட்டிக்கொண்டது. உள்ளே தகடு வளைக்கும் இயந்திரம் 'டொம்' என்று இறங்கும்போது நெஞ்சுக்கூடும் கூடவே இறங்குகிறது.

பட்டறைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டிய அகலமாக்கிடலாமே தங்கச்சி?"

"ஆக்கினா அது அகராதியா இருக்காதுண்ணே. அலமாரியில நிக்காது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து வரையணும், அதுக்கு நாள் இல்ல."

"பெட்டியைத் தொட வேணாம். மூடிய மட்டும் தொடு." ஒரு வீணான தகட்டை எடுத்து, நாலு பக்கமும் ஆழமாக மடக்கித் தட்டுபோல ஆக்கிக் கொண்டுவந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பக்கவாட்டில் கவிழ்த்தார். வயர் உள்ளே வசதியாக வளைந்து படுத்துக்கொண்டது. மூடி மூடியது.

அக்காவின் முகம் சுருங்கியது. "ஐயோ, தொப்பை போட்ட மாதிரி இருக்கே!"

"எல்லாருக்கும் வர்றதுதானே" என்று தன் வயிற்றைத் தட்டினார் அவர்.

வேண்டியவர்களுக்குத் தொப்பை மூடி, மற்றவர்களுக்குத் தட்டை மூடி. விலையில் வித்தியாசமில்லை. வரும் வழியெல்லாம் அக்கா பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "அந்த மடிப்போட மூலைய கொஞ்சம் உருட்டினா... பாக்கலாம்" என்றாள். அவள் 'பார்க்கலாம்' என்றால் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். ஒரு வாரமாக என் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போய்விட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

புது மூடியின் படத்தை, 'தொப்பை மூடி' என்ற பெயரோடே அக்கா தளத்தில் போட்டுவிட்டாள். நான் பழைய பட்டியலை அழித்துவிட்டேன். புதியதில் மூன்று கட்டம். நாங்களே மாட்டிப் பார்த்தது, கையேட்டைப் படித்துக் கணக்குப் போட்டது, தெரியாதது. முதல் கட்டத்தில் இரண்டே இரண்டு கார்டு, மூன்றாவதில் பத்தொன்பது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. நிம்மதியாகவும் இருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

207. மேல்மாடிக்காரர் தன் நண்பர்களின் கார்டுகளை வரிசையாகக் கொண்டுவந்து தருகிறார். "அளந்து சொல்லு டாக்டர்" என்கிறார். வாசலில் நோயாளிகள் காத்திருக்கிற மாதிரி மேசையில் ஆறு கார்டு. முதல் கட்டம் எட்டு ஆகிவிட்டது.

நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'முன்பு வேறு இடத்தில் வாங்கிய பெட்டியிலும் இதே கதை. வாங்கிய பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தொப்பை மூடி கொடுங்கள்.'

இதை அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "கேட்டுச்சுடி, ஒரு தடவையிலேயே கேட்டுச்சு" என்றாள். ஆனால் மூன்றாவது தடவை அவளே திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று படித்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

251. நாற்பத்தொன்பது குறைகிறது. ஆறு நாள் இருக்கிறது. வகுத்தால் எட்டே சொச்சம். வகுக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு.

3ஆம் தேதி போட்டுக்கொண்டு போக அலுவலகச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று. அதைப் பார்க்காமலிருக்க நான் கதவின் அந்தப் பக்கமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

279.

அக்டோபர் 30, வியாழன்

நடந்துவிட்டது. நான் பார்க்கவே இல்லை!

புவியியல் வகுப்பில் பனிப்பாறைகள் நகரும் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிற்பகல் 2.10. முந்நூறாவது ஆள் வந்தபோது அக்காவும் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தவர் அப்பா மட்டும், அவரும் காலைப் பேருந்தை ஓட்டிவிட்டு வந்து தூக்கம். ஒரு மாதமாக ஆளாளுக்குக் காவல் இருந்தோம், அது மட்டும் யாரும் இல்லாதபோது வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் வந்தபோது அக்கா கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சோப்பும் உப்பும் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, மெதுவாக.

"பார்த்தியா?" என்றேன்.

"ம்" என்றாள். "முந்நூத்தி ரெண்டு." அவ்வளவுதான். அப்புறம் உப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் சோப்புகளை அடுக்கினேன்.

சந்தோஷம் துள்ளிக் குதிக்கும் என்று நினைத்திருந்தேன். இது கால் கழுவிக்கொண்டு உட்காருகிற மாதிரி இருந்தது.

நவம்பர் 1, சனி

மதியம் பன்னிரண்டுக்கு முடிந்தது. 317. தட்டை மூடி 122, தொப்பை மூடி 195. பட்டறைக்காரருக்குச் சொன்னதும், "பாத்தியா தங்கச்சி, நாட்டுல நம்ம கட்சிதான் பெரும்பான்மை" என்றாராம்.

வேலையை விடுவதாக அக்கா நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன். ஒன்றுகூட இல்லை.

நவம்பர் 3, திங்கள்

மணி ஏழே முக்கால். அக்கா தூங்குகிறாள்.

அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டுக்கொண்டார். அம்மா கரண்டி டம்ளரில் இடிக்காமல் தேநீர் கலக்குகிறாள். இரண்டு மாதமாக "சம்பளம் வர்ற வேலையை விட்டுட்டு" என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமலே இருந்தவள் அவள்தான். நான் தலை வாரிக்கொண்டே, "அக்காவை எழுப்பட்டுமா, வெயில் வந்துடுச்சு" என்று கேட்டேன்.

அம்மா விரலை உதட்டில் வைத்தாள். அறைக்குள் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.