புளியாரைக்கு அனுமதி

ஆகஸ்ட் 4, திங்கள்

விடாத மழை. செல்லம்மா இன்னும் மாயாபந்தர் ஆஸ்பத்திரியில்தான். சிறுநீரகம் இரண்டும் சோர்ந்துவிட்டன. கஞ்சி இறங்கவில்லை. காலையில் தானாகக் கேட்டாள்: "புளியாரை கெடைக்குமாங்க? சிலோன்ல தேயிலை மலையில அதை மென்னுக்கிட்டேதான் கொழுந்து எடுப்போம். மஞ்சப் பூ."

ஏதோ ஒன்றைக் கேட்டாளே.

வாங்க: சோப்பு, டார்ச் செல், மெல்லிய துண்டு.

ஆகஸ்ட் 5

ஆஸ்பத்திரி வாசல் தொட்டியில் ஒரு புளியாரை. இளஞ்சிவப்புப் பூ, பெரிய இலை, அடியில் சிறு கிழங்கு. வெளியிலிருந்து வந்த இனம். அது அல்ல.

குன்றுக் காட்டுக்கு ஏறினேன். ஓடையோரம் குட்டித் தென்னைபோல் ஒன்று. தொட்டதும் இலை சுருங்கியது. இதற்கும் மஞ்சள் பூ. புளியாரைக் குடும்பம்தான், ஆள் வேறு. சித்தப்பா மகன் மாதிரி. இன்னும் மேலே, ஈரப் பாறை இடுக்கில்: தரையோடு ஓடும் தண்டு, நுனி பிளந்த மூன்று சிற்றிலை, ஐந்து மஞ்சள் இதழ். வெண்டைக்காயைச் சுருக்கியதுபோல் நிமிர்ந்த காய். தொட்டால் விதை தெறித்தது. சந்தேகமே இல்லை. மண்ணோடு சிரட்டையில் எடுத்தேன். இரண்டு காலிலும் அட்டை.

வார்டில் நர்ஸ் தடுத்தாள். "மாஸ்டர்ஜி, யே கட்டா பத்தா நஹி. கிட்னி கே லியே ஸஹர் ஹை." புளிப்பு இலை, கிட்னிக்கு விஷம். இலையில் இருக்கும் அந்த அமிலத்தைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். மலை ஏறும்போது நினைவே வரவில்லை.

செ.: "பாக்கக்கூடவா கூடாது?"

சிரட்டை ஜன்னலில்.

ஆகஸ்ட் 6

வெயில். செ.வுக்குக் கை வீக்கம். சோப்புப் போட்டு வளையலைக் கழற்றினேன். என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

மாலையில் புளியாரை இலைகள் குடைபோல் மடங்கின. பார்த்துக்கொண்டே இருந்தவள், "அதுக்கும் ஸ்கூல் விட்டாச்சு சார்" என்றாள். சிரித்தோம். பிறகு அவளுக்கு இருமல்.

ஆகஸ்ட் 8

மறுபடி மழை. டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். டயாலிசிஸை உடம்பு தாங்காதாம். போர்ட் பிளேயருக்கும் அலைக்க வேண்டாமாம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர்ஜி, அப் ஜோ மாங்கே, தே தீஜியே." இனி எது கேட்டாலும் கொடுக்கலாம்.

"கட்டா பீ?" என்றேன். புளிப்பும்கூடவா?

"ஹாங். கட்டா பீ."

எதிர்க்கடையில் டீ. சர்க்கரை இருந்ததா, தெரியவில்லை.

ஜன்னலில் ஓர் இலை கிள்ளினேன். கழுவினேன். மறுபடியும் கழுவினேன். செ. கண்ணை மூடியபடி வாய் திறந்தாள். மென்றாள். முகம் சுளித்தது, சிறு பிள்ளைக்குச் சுளிப்பதுபோல.

"இதேதாங்க." பிறகு, "டாக்டர் விட்டுட்டாரா?"

"விட்டுட்டார்."

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். நான் சிரட்டையைப் பார்த்தேன்.

"அப்ப இன்னொண்ணு குடுங்க."