நான் நிரப்பிய கறுப்புக் கோடு

பிப். 2, திங்கள்
காலையில் பனிமூட்டம். துபாய் சத்வா பஸ் அரைமணி தாமதம். துருக்கித் தொழுகை விரிப்பு வேலை ஒருவழியாக முடிந்தது. நான்கு நாள். வளைவுப் பக்கம் கால் நீட்டக்கூடாது என்பது முதலாளி கான் பாயின் சட்டம். மடக்கி மடக்கி முட்டி போயிற்று.

நூற்றைம்பது வயதாம். நடுவில் சிவப்பு மாடம், படிப்படியாக ஏறும் வளைவு. உச்சியிலிருந்து ஒரு விளக்கு தொங்குகிறது. உற்றுப் பார்த்தால் உள்ளே சுடர் இல்லை, பூ. இரண்டு பக்கமும் தூண்கள், எதிலும் ஊன்றாமல் அந்தரத்தில், என்னைப் போல.

சிவப்பும் பச்சையும் அப்படியே. பூக்களைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் தேய்ந்து பள்ளம். பூச்சி அரித்ததாக்கும். கான் பாய் சொன்னது ஓரம் தைக்க மட்டும். நானாகவே புதுக் கம்பளியில் முடிச்சுப் போட்டு நிரப்பிவிட்டேன், விளக்கைச் சுற்றி முழுக்க. ஊரிலிருந்து புதன்கிழமை வருகிறார். பாராட்டுவார்.

பிப். 3
பாராட்டாம்.
கவுண்டரில் இருக்கும் ஷாஜகான், கீழக்கரைக்காரன், தடவிப் பார்த்தான். எதற்கும் சிரிப்பவன், சிரிக்கவில்லை. அந்தக் காலக் கறுப்புச் சாயத்தில் இரும்பு உண்டாம். போகப் போகக் கம்பளியைத் தின்றுவிடுமாம். அந்தப் பள்ளம்தான் வயசுக்குச் சாட்சி.
"நரைச்ச தலைக்கு டை அடிச்சு விட்டுட்டியளே அண்ணே. வியாழக்கெழம இத எடுக்க அரபி வாராரு."

பயம்:
1. வேலை
2. விசா
3. என் விசாவில்தான் மகள் நித்யாவும் அவள் அம்மாவும். இந்த மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பம்.

பிப். 4
கான் பாய் வந்துவிட்டார். விரிப்பைக் கேட்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து என் முடிச்சுகளை ஊசியால் உருவினேன். எட்டு வந்தது. ஒன்பதாவதோடு பக்கத்துச் சிவப்பும் வந்தது. பழைய சிவப்பு, மூன்று இழை. நிறுத்திவிட்டேன். இழைகள் சட்டைப் பையில்.
சோறு இறங்கவில்லை. நித்யா: "எக்ஸாம் எனக்கா, உங்களுக்காப்பா?"

பிப். 5
பத்து மணிக்கு அரபிப் பெரியவர். கண்ணை மூடித் தடவினார். விளக்கருகே விரல் நின்றது. கான் பாய் குனிந்து பார்த்து முகம் மாறி, கடைக்கு வந்தபோதே இப்படித்தான் என்றார். பெரியவர் மெதுவாகச் சொன்னார்: இது என் தகப்பனார் தொழுதது, நான் ஏழு வயதிலிருந்து தொட்டுப் பழகியது. நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் தூக்காத கை. மூன்று இழையையும் மேஜைமேல் வைத்தேன்.

அவற்றைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். இனி யாரும் இதைத் தொட வேண்டாம் என்று எடுத்துப் போய்விட்டார்.

கான் பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் குறைந்திருக்கும். "பேட்டி கா இம்திஹான் ஹோ ஜானே தோ. ஃபிர் கலாஸ்." மகள் பரீட்சை முடியும்வரைதான் வேலை.

வீட்டில் சொல்லவில்லை. கடைசிப் பரீட்சை எப்போது என்று நித்யாவிடம் கேட்டேன். ஏப்ரலாம். தள்ளிப்போகுமா என்றேன்.
"ஏம்ப்பா பயமுறுத்துறீங்க. தள்ளிப்போகக் கூடாதுன்னு சாமி கும்பிடுங்க."
கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.