பதினாலாம் கட்டிலின் சாப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

இந்த ஆஸ்பத்திரியின் சமையலறை எனக்கு விஷம் வைக்கிறது. மூன்று வேளையும், நேரம் தவறாமல், மூடி போட்ட தட்டில்.

மிகைப்படுத்தி எழுதவில்லை. எனக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் தன்னையே அரித்துக்கொள்ளும். இது தெரியாமல் இருபத்துமூன்று வருஷம் ரொட்டி தின்றே வளர்ந்தேன். எலும்பெல்லாம் சல்லடையாகிவிட்டது. போன மாதம் பார்சல் கிடங்கில் சரிவுப்பலகையில் வழுக்கி விழுந்தேன். இன்னொருத்திக்கு என்றால் சிராய்ப்போடு போயிருக்கும். எனக்கு இடது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே வைத்த கம்பியும் நகர்ந்துவிட்டதாம். பதினெட்டாம் தேதி திறந்து மறுபடி வைக்க வேண்டும்.

"எடை நாப்பத்திரண்டுக்குக் கீழ போகக் கூடாது. போனா மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள எலும்பு கோணலா ஒட்டிக்கும். நல்லா சாப்பிடுங்க, உங்க வேலை அது ஒண்ணுதான்" என்றார் எலும்பு டாக்டர்.

இன்று நாற்காலித் தராசில் 43.1. வந்த அன்று 46.

எதைச் சாப்பிட, டாக்டர்?

மார்ச் 5

வயிற்றுப்போக்கு, ஒன்பது முறை. கால் கட்டோடு, படுத்தபடியே. ஆயாம்மா முகத்தைச் சுளிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

ரொட்டியை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவிடுகிறேன். சோறும் சூப்பும்தான். பிறகு எப்படி?

வண்டியில் சாப்பாடு கொண்டுவரும் அக்காவை இன்று பிடித்து நிறுத்தினேன்.

"சூப்பில கோதுமை இருக்காக்கா?"

"கோதுமையா? சேச்சே. யாரும்மா சூப்பில கோதுமை போடுவாங்க?"

"வேற என்ன போடறாங்க?"

"காய், உப்பு, மிளகு. கெட்டியா வரணும்னு கொஞ்சம் மைதா கரைச்சு ஊத்துவாங்க. அவ்வளவுதான்."

மைதா! பத்து நாள் அதைத்தான் நோயாளிக்கேற்ற உணவென்று கரண்டி கரண்டியாகக் குடித்திருக்கிறேன்.

"அக்கா, மைதா கோதுமையிலிருந்துதானே வருது."

அவள் சூப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது வெள்ளையால்ல இருக்கு?" என்றாள். பொய் சொல்கிற முகம் இல்லை.

பக்கத்துக் கட்டில் தையல்காரம்மா சிரித்தாள். "விடு பொண்ணே, எனக்கும் ஒரு நோய் இருக்கு, இந்த சூப்பு எனக்கும் ஆகாது. அதுக்குப் பேரு நாக்கு." இடுப்பெலும்பு உடைந்து கிடக்கிறவள். நானும் சிரித்தேன். சிரித்தால் வயிறு வலிக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

உணவு ஆலோசகர் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவார். செவ்வாய் விடுப்பு. இன்று வந்தார். படிவத்தில் நான்கு கட்டங்கள்: சர்க்கரை, உப்புக் குறைவு, சைவம், மென்மையானது. எனக்குக் கட்டமே இல்லை.

"மென்மையானதுன்னு டிக் பண்ணி, ஓரத்தில எழுதிடறேன்."

"ஓரத்தில எழுதினதை யாராவது படிப்பாங்களா?"

பேனாவை மூடினார். "இங்க தொண்ணூறு பேர் இருக்காங்க."

தொண்ணூறு பேர் இருந்தால் ஒருத்தி சாகலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கேட்கவில்லை. வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். அடுத்த முறையும் இவரிடம்தானே கையேந்த வேண்டும்.

மென்மையான உணவு வந்தது. பாலில் ஊறிய ரொட்டி.

மார்ச் 8

அண்ணன் இரவு வேலை முடிந்து, தூங்காமல், சோறும் அவித்த முட்டையும் கொண்டுவந்தான். புதுப் பாத்திரத்தில் சமைத்தானாம், பழையதில் ரொட்டி மாவு ஒட்டியிருக்குமென்று. வாசல் காவலாளி விடவில்லை. வெளிச்சாப்பாடு கிருமி கொண்டுவருமாம். அவர் முதுகுக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக் கடை, கண்ணாடிக்குள் பிஸ்கட்டும் கேக்கும் அடுக்கி வைத்திருக்கிறது. கிருமிக்கு ரசீது தெரியும் போல.

"என்னடா பண்ணின சோத்த?"

"படியில உக்காந்து நானே தின்னுட்டேன். வீணாப் போகுமேன்னு..." அழுதுவிடுவானோ என்று பயந்து, "முட்டையாவது நல்லா வெந்துச்சா?" என்று கேட்டேன்.

மார்ச் 9

42.5. இன்று வெறும் வாழைப்பழம்.

மார்ச் 11, செவ்வாய்

கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி. நாற்பத்திரண்டுக்குக் கீழே இறங்கினால் ஆபரேஷன் இல்லை, அதற்குக் கையெழுத்து யார் போடுவீர்கள், ஒவ்வொருத்தராக வந்து போடுங்கள் என்றேன். தலைமை நர்ஸ் முதலில் குரலைக் குறைக்கச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு அவரே போன் பண்ணினார்.

மாலையில் ஒரு சிவப்பு அட்டை வந்தது. "கோதுமை, மைதா, ரவை, பார்லி கூடாது. தனிப் பாத்திரம்." என் தலைக்கு மேல் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள்.

தையல்காரம்மா எட்டிப் படித்தாள். "போட்டோவுக்கு மாலை மாட்டற இடத்தில மாட்டியிருக்கானுங்க, பாரு."

மார்ச் 12

சோறு. முட்டை. அவித்த உருளைக்கிழங்கு. தனியாகச் சுற்றி, மேலே சிவப்புச் சீட்டு ஒட்டி.

உருளைக்கிழங்கு இவ்வளவு ருசியா?

மார்ச் 14

இரண்டே முறை. தூங்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

42.8. நர்ஸ் தராசை எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினாள். நாளை மறுநாள் ஆபரேஷன் உறுதி. கிடங்கு மேற்பார்வையாளர் அண்ணனைக் கூப்பிட்டு, ஜூன் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னாராம். மூட்டை தூக்க இரண்டு காலும் சமமாக வேண்டும், அவ்வளவுதானாம்.

அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

மேல்மாடிக் குழாய் உடைந்து எங்கள் பக்கச் சுவரெல்லாம் ஒழுகியது. பன்னிரண்டு முதல் பதினாறு வரை கட்டில்களைக் காலி செய்தார்கள். பதினாலில் இருந்த என்னை ஐந்துக்குத் தள்ளிவந்தார்கள். நல்ல வெளிச்சம். சாயங்காலத்துக்குள் சுவரைத் துடைத்துப் பழைய இடங்களில் வேறு ஆட்களைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வண்டி அக்கா இல்லை, புதிதாக ஒருத்தி. சோறும், தெளிவான சூப்பும். சிவப்புச் சீட்டு இல்லை. கேட்டேன்.

"எல்லாம் கிச்சன்ல பாத்துத்தாம்மா அனுப்புறாங்க."

நர்ஸைக் கேட்டேன். "அவங்களுக்குத் தெரியும், தெரியும். சீக்கிரம் சாப்பிடுங்க, பத்து மணிக்கு மேல தண்ணிகூடக் கிடையாது."

தெளிவாகத்தான் இருந்தது. ஐந்து நாள் சரியாகக் கொடுத்தவர்கள்தானே. பசித்தது. குடித்துவிட்டேன்.

மார்ச் 18

இல்லை
ஆபரேஷன் இல்லை. விடியலிலிருந்து வாந்தி — எழுத முடியல

ஏன் குடிச்சேன். நான் ஏன்டி குடிச்சேன்.

மார்ச் 20

இப்போதுதான் கையில் பேனா நிற்கிறது. அந்தத் தெளிவான சூப், பார்லி வேகவைத்த தண்ணீராம்.

சாப்பாடு ஆளுக்கு வருவதில்லை. கட்டிலுக்கு வருகிறது. சமையலறைப் பட்டியலில் பெயர் கிடையாது, எண் மட்டும். என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அட்டையைச் சுவரிலேயே விட்டுவிட்டார்கள். பதினாலில் இப்போது இருப்பவள் மணிக்கட்டு உடைந்தவள். இரண்டு நாளாக என் சோற்றையும் முட்டையையும் தின்றுவிட்டு, "சூப்புகூடக் குடுக்க மாட்டேங்கறாங்க" என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதினாலுக்கு எதிர்க் கட்டிலுக்கு மாற்றப்பட்ட தையல்காரம்மாதான் கேட்டுவிட்டுச் சொல்லியனுப்பினாள். இந்தத் தடவை ஜோக் எதுவும் இல்லை.

விடுப்பு முடிந்து வந்த வண்டி அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் இருந்திருந்தாலும் நம்பரைத்தான் பாத்திருப்பேன். தொண்ணூறு தட்டு, முக்கால் மணி நேரம், ஒத்தை ஆளு. மூஞ்சியப் பாக்க எங்கம்மா நேரம்?"

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டவன் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான்? அவன் தட்டில் என்ன இருக்கிறது?

40.6.

மார்ச் 24, திங்கள்

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்துக் காட்டினார். ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் இஷ்டத்துக்கு. எடை ஏறி வருவதற்குள் இன்னும் இறுகிவிடுமாம். அப்புறம் பார்க்கலாம் என்றார். இடது காலைப் பற்றி மட்டும் "கள்" என்று பன்மையில் பேசினார்: வாய்ப்புகள், வழிகள். என்னென்ன என்று சொல்லவில்லை.

சமையலறை மேலாளருக்கு மூன்று நாளில் இரண்டு கடிதம் எழுதியாயிற்று. தலைமை நர்ஸ், கொடுத்துவிட்டேன் என்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் ஒருவர் வந்து செருப்புக்கு அளவெடுத்தார். இடதுக்கு மட்டும் அடியில் இரண்டு விரற்கடை உயரம் வைப்பார்களாம். கறுப்பா, பழுப்பா என்று கேட்டார். அண்ணன் கறுப்பு என்றான். கிடங்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காலைத் தட்டில் மறுபடி சூப். சிவப்பு அட்டையை ஐந்தாம் கட்டிலுக்குக் கொண்டுவந்து மாட்டியாயிற்று, என் தலைக்கு மேலேயே தொங்குகிறது. தொடாமல், மூடியின் மேல் ஒரு தாளை ஒட்டித் திருப்பி அனுப்பினேன்:

"இதில் என்னென்ன போட்டீர்கள்? எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதுவரை சாப்பிட மாட்டேன்."

வண்டி அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, விழாமலிருக்க விரலால் அழுத்திக்கொண்டே போனாள்.

மதியம் தட்டு வந்தது. மூடி கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. திறந்து பார்த்தேன். சூப்.