வெள்வேல மரத்தின் சுற்றளவு

அவிநாசி,
14.6.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? மன்னார்குடியில் மழை உண்டா? நான் நலம்.

இங்கே ஒரு சின்னத் தவறு, கவலைப்படாதீர்கள். வெள்வேல மரத்தின் அடிமரத்தை அளந்து, எத்தனை கிலோ தழை கிடைக்கும் என்று கணக்கிடுவதுதானே என் ஆராய்ச்சி? இங்கே ஆடு வளர்க்கும் குழந்தையம்மாளின் மேய்ச்சல் காட்டை அளந்து, மழை வரும்வரை பன்னிரண்டு ஆட்டுக்கும் தழை போதும் என்றேன். அவருக்குச் சந்தேகம்தான். ஆனாலும் படித்த பெண் சொல்கிறாளே என்று, ஆடு வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோடைதோறும் கிளைகளை வெட்டுவாரா என்று நான் கேட்கவே இல்லை. வெட்டியிருக்கிறார். அடிமரம்தான் பருமன், மேலே தழை பாதிகூட இல்லை. இருபதே நாளில் தீர்ந்தது. ஐந்து ஆடுகள் செத்துவிட்டன.

“நீ மரத்தப் பாத்துச் சொன்ன, அம்மணி. நா உன்னயப் பாத்து நம்பிப்போட்டேன்” என்றபடி மோர் கொடுத்தார்.

ஊறுகாய் அனுப்புங்கள். என் பழைய போர்வையும் வேண்டும், காற்று ஓயாமல் அடிக்கிறது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். நம் பசுவுக்கு அகத்தித் தழை எத்தனை நாள் வரும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது அப்பா.

மகள்,
வசுமதி