பொங்காத பீப்பாயும் திறந்த கதவும்

சோமோ,
வியாழக்கிழமை.

தெம்பேகாவின் அப்பாவுக்கு மாம்பிங்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழந்தையும் சுகம். அவளுக்கு மூக்கு ஒழுகுகிறது. இந்த ஜூலை நடுக்குளிரில் யாருக்குத்தான் ஒழுகவில்லை. உங்கள் சுகம் கடிதத்தில் வருவதில்லை. ரஸ்டன்பர்க் சுரங்கத்திலிருந்து லீவில் வருகிறவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. அவர்கள் சுகத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை, வேறு சிலவும் சொல்கிறார்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

உங்கள் அப்பாவின் ஆவியை வீட்டுக்குத் திரும்ப அழைக்கிற சடங்கு சனிக்கிழமை. மூத்த மகன் நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் சித்தப்பா ஜொங்கிலிஸ்வே நிற்பார். லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியதை அவரிடம் சொன்னேன். "அப்பனுக்குக் கெடைக்காத லீவு வேற எதுக்குக் கெடைக்குமாம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பீர் காய்ச்சுவது மருமகள் பொறுப்பு. அதாவது என் பொறுப்பு.

காய்ச்சினேன். மக்காச்சோள மாவையும் முளைகட்டிய சோளமாவையும் புளிக்க வைத்து, கஞ்சியாக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, மறுபடி முளைமாவு தூவி, போன தடவை பீரின் வண்டலையும் கலந்து பீப்பாயில் ஊற்றினேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. மறுநாள் காதை வைத்துக் கேட்டால் பீப்பாய் ஊமையாக இருந்தது. தீக்குச்சி கிழித்து உள்ளே காட்டினேன். பொங்குகிற பீர் என்றால் அதிலிருந்து எழும் காற்றே குச்சியைச் சட்டென்று அணைத்துவிடும். இது என் விரலைச் சுடும்வரை நிதானமாக எரிந்தது.

உங்கள் அக்கா நோசிபோ அதைப் பார்த்துவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரிதான். சித்தப்பாவை வைத்துக்கொண்டே சொன்னாள்: "சனிக்கெழமைக்குள்ள பொங்கலன்னா என்ன அர்த்தம்? அப்பாவுக்கு இவ வேண்டாமின்னு அர்த்தம். பொட்டியக் கட்டிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போகட்டும்." சித்தப்பா மறுக்கவில்லை. "சனிக்கெழம பாப்போம்" என்று எழுந்து போனார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள் அப்பா படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியது நான். உங்கள் அக்கா வாசலில் நின்று இருமலைக் கேட்டுவிட்டுப் போவாள். என் கையால் தின்ற மனிதர் செத்ததும் என் கையை வெறுத்துவிட்டாரா? யாரிடம் கதை விடுகிறாள்?

பக்கத்து வீட்டு மாட்லோமோ ஒரு கடை ஈஸ்ட் பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "இதக் கொட்டிக் கலக்கிவிடுடி, பொங்கித் தொலையும். செத்தவரு வந்து பொட்டலத்தையா தேடப்போறாரு?" என்றாள். இடுப்பில் செருகிக்கொண்டேன், போடவில்லை. போட்டால் நோசிபோ சொன்னது சரி என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். மிச்சமிருந்த வண்டலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுர்ரென்றது. அதில் உயிர் இருக்கிறது. பிறகு ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது?

பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், விரல் விறைத்துவிட்டது. இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன். கதவு! அப்பா வருகிற வழியை அடைக்கக் கூடாது என்று நோசிபோ கதவை அகலத் திறந்து, கல்லை அண்டைக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பொழுது சாய்ந்தால் முற்றம் முழுக்க உறைபனி. நானே விறைக்கிறேன், பீர் விறைக்காதா?

கடிதத்தைக் கீழே வைக்கிறேன். வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கே கல்லை உருட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். என் கல்யாணப் போர்வையைப் பீப்பாய்க்குச் சுற்றினேன். அடுப்பில் செங்கல்லைச் சுடவைத்து அடியில் அடுக்கினேன். நோசிபோ ஓடிவந்து, "அப்பா எப்படிடி உள்ள வருவாரு?" என்று கத்தினாள். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். "செத்தவருக்கு எதுக்கு அண்ணி கதவு? இது அவரு வீடு. தெறந்து வச்சாத்தான் வருவேன்னு சொல்ல அவரு என்ன விருந்தாளியா?" என்றேன். மருமகள் குரலை உயர்த்திவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பேசட்டும்.

விடிந்ததும் காதை வைத்தேன். கஞ்சி கொதிக்கிற மாதிரி உள்ளே ஒரு முணுமுணுப்பு. நோசிபோவைக் கூப்பிட்டு, அவள் கண் முன்னால் குச்சி கிழித்தேன். விளிம்பைத் தாண்டுவதற்குள் அணைந்தது. அவள் சந்தேகப்பட்டாள். இன்னொரு குச்சி கிழித்தேன். அதுவும் அணைந்தது. "ரொம்ப லேட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சித்தப்பா மாட்டுப்பட்டியில் முதல் பீரை உங்கள் அப்பாவுக்கென்று மண்ணில் ஊற்றினார். பிறகு தானும் குடித்து, தாடியைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மாம்பிங்கா, அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரு" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். மாட்லோமோவின் பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் ரொட்டி சுட்டிருக்கிறாள்.

நீங்கள் ஏன் வரவில்லை என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மாடுகளைப் பற்றிப் பேசினார்கள். அதுதான் வலித்தது.

இந்த வீட்டைவிட்டு நான் போகமாட்டேன். உங்கள் அக்கா சொன்னாலும் சரி, அங்கிருந்து நீங்கள் யாரை அழைத்துக்கொண்டு வந்தாலும் சரி. வண்டலை எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த பீருக்கு. கதவு சாத்தித்தான் இருக்கிறது. உங்கள் அப்பா செத்தவர், சாத்திய கதவுக்குள் வந்துவிட்டார். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். வந்து தட்டத்தான் வேண்டும். சுரங்கத்தின் கூரை உங்கள் தலைக்குமேல் அசையாமல் இருக்கட்டும். தட்டுங்கள், திறக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்
மாம்பிங்கா