எட்டுத் துண்டுக் கோழி

ஜோகன்னஸ்பர்க்,
கென்னாவுக்கு மறுநாள்

அன்புள்ள மஹ்லெட்டுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். உன் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். ஃபாசிகா உயிர்ப்புப் பண்டிகைக்கு வருவேனா என்று கேட்டிருந்தாய். கடையில் இன்னொரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் உடனே பதில் எழுதவில்லை.

நேற்று நோன்பு முடிந்து கென்னா; இந்த ஊர்க்காரர்களின் கிறிஸ்துமஸ் போய் இரண்டு வாரமாகிறது. பக்கத்து வீட்டுத் தெரெஜெயும் அவன் மனைவி ரோமானும் என்னையும் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார்கள். அவள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவன், கடையில் ஏற்கனவே வெட்டிக் கட்டிவைத்திருந்த கோழியை வாங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து பிரித்தால் எட்டே துண்டு.

"பண்டிகைக் குழம்புக்குப் பன்னிரண்டு வேணும்னு தெரியாதா? மீதி நாலுக்கு உன் விரலை வெட்டிப் போடவா?"

"போடும்மா. காரம் மட்டும் பார்த்துப் போடு."

சிரித்துக்கொண்டே இருவரும் வெங்காயம் வதக்கினார்கள். நான் முட்டை உரித்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் ரோமான் இஞ்செரா அப்பத்தில் குழம்பைச் சுருட்டி முதல் கவளத்தை அவனுக்கு ஊட்டினாள். அவன் அவளுக்கு ஊட்டினான். விருந்தாளி என்பதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. பழக்கத்தில் நானும் ஒரு கவளம் சுருட்டி நீ உட்காரும் வலப்பக்கம் நீட்டிவிட்டேன். அங்கே சுவர்தான் இருந்தது. நான் உப்பு கேட்கிறேன் என்று நினைத்துத் தெரெஜெ எடுத்துக் கொடுத்தான். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

நீ இடித்த மிளகாய்ப்பொடி கொஞ்சம் அனுப்பச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அனுப்பாதே. ஃபாசிகாவுக்கு வருகிறேன். கோழியை உயிரோடு வாங்கி வை. நான் வரும்வரை வெட்டாதே.

கடை திறக்கும் நேரமாகிவிட்டது.

உன்
பெகாடு